இன்னொரு கரண்டி

நரியந்தாங்கலில் வேண்டாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அவள் புருஷன் கோதண்டராமன். அவர் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர் என்பதால் சண்டை வர வழியில்லை. இன்னொருத்தி அவளுடைய ஓரகத்தி தெய்வநாயகி, கோதண்டராமனின் செத்துப்போன அண்ணன் தமிழ்வாணனின் பெண்டாட்டி. அந்தத் தெய்வநாயகி சோறு வடிக்கிற கையை முடக்காமல் விடுவதில்லை என்று வேண்டா சபதம் போட்டது போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், கன்னியம்மா வீட்டுக் கூடத்தில்.

கன்னியம்மா வீடு மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம். ஆகாதவர்கள் சோற்றிலோ குழம்பிலோ எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கம் இன்றைக்கும் உண்டு. இடுமருந்து என்பார்கள். செல்போனில் படம் பார்க்கிறவர்களும் நம்புகிறார்கள், வேனுக்கு ஆன்லைனில் இன்சூரன்ஸ் போடுகிறவர்களும் நம்புகிறார்கள். கன்னியம்மா அதை வெளியே எடுக்கிறவள்.

கோதண்டராமனுக்கு ஆடி மாதத்திலிருந்தே வயிற்றில் எரிச்சல். அவர் வேன் ஓட்டுகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு நாவலூர் ஆபீஸ்களில் கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். வெறும் வயிற்றில் டீ, பீடி, மறுபடி டீ. நெஞ்சு கரித்தால் பெட்டிக்கடை சோடா, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கேஸ் மாத்திரை. ஆவணி முடிவதற்குள் பாதிச் சோற்றில் கை கழுவ ஆரம்பித்தார். புரட்டாசியில் பெல்ட்டுக்குப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்.

கன்னியம்மா அவருக்கு ஒரு பச்சிலைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்து, அடிவயிற்றிலிருந்து மேலே மேலே நீவினாள். அவர் ஓங்கரித்து ஓங்கரித்து ஒரு தாம்பாளத்தில் கக்கினார். கன்னியம்மா அதைக் குச்சியால் கிளறி, முடி சுற்றிய ஒரு சின்ன உருண்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“பாத்துக்கோ. மூணு மாசமா உள்ள குந்திகினு இருந்துது.”

வேண்டா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “யாரும்மா வெச்சது?”

“பேரு நான் சொல்ல மாட்டேன். சொன்னா எனுக்கு ஆவாது. ஒன் வூட்டுக்கு வெளிய இவுரு யார் கையால துன்றாரு? அத்த நீயே யோசி.”

வேண்டா யோசிக்கவே இல்லை. அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் தெய்வநாயகி வீட்டிலிருந்து ஒரு தூக்கு வரும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அண்ணன் செத்த பிறகு அவளுடைய அரைக் காணி நிலத்தைக் கோதண்டராமன்தான் உழுது போடுகிறார். அதற்கு நன்றி அந்தத் தூக்கு. வீட்டுக் குழம்பில் ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றிக்கொள்ளாத மனிதர் அந்தக் குழம்பை மட்டும் வழித்துத் தின்பார். ஆறு வருஷமாக வேண்டா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“தெய்வநாயகி!” என்றாள் வேண்டா. “அவதான். வேற யாரு?”

தரையில் சுருண்டு கிடந்த கோதண்டராமன் கையை மட்டும் தூக்கி ஆட்டினார். “அண்ணிய சொல்லாத. பாவம்.”

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்தான் எண்ணெய் ஊற்றியது.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு வேண்டா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தெய்வநாயகி அங்கே சத்துணவுச் சமையல்காரி. வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறும் சாம்பாரும் ஒரு முட்டையும். பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மார்கள் ஏழெட்டுப் பேர் கேட் ஓரத்தில் குடையோடு நின்றார்கள். வேண்டாவுக்கு அந்த ஏழெட்டுப் பேர் போதும்.

“ஏய் பசங்களா, துன்னாதீங்கோ! தட்டக் கீழ வையுங்கோ!”

தெய்வநாயகி கரண்டியோடு திரும்பினாள்.

“எம் புருசனுக்கு மருந்து வெச்ச கையி இது! நேத்து கன்னியம்மா எடுத்துக் காட்டினா. முடியும் உருண்டையுமா, என் ரெண்டு கண்ணால பாத்தேன். தன் புருசன முழுங்கினா. அடுத்து எம் புருசன். அப்பால ஒங்க புள்ளைங்கோ. இவ போடற சோத்தத் துன்னுகினு கம்னு இருக்கீங்களே, ஒங்களுக்குப் புள்ள வேணுமா வாணாமா?”

“வேண்டா,” என்றாள் தெய்வநாயகி. “சோத்துக்கு முன்னால நின்னு பேசற. பாத்துப் பேசு.”

“பாத்துதாண்டி பேசறேன்!”

டீக்கடை கிருபாகரனின் பெண்டாட்டிதான் முதலில் உள்ளே போய்த் தன் மகன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். ஒருத்தி செய்தால் போதாதா? அன்றைக்கு முட்டையெல்லாம் காக்கைக்குப் போயிற்று. தலைமையாசிரியை பிரதீபா டீச்சர் கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவர், படித்தவர், இதெல்லாம் பொய் என்று தெரிந்தவர். ஒரு வாரம் பார்த்தார். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பாமலே இருந்தார்கள். எட்டாவது நாள், “கொஞ்ச நாளைக்கு நீங்க வராதீங்கம்மா, அடங்கட்டும்” என்று தெய்வநாயகியிடம் சொன்னார். பக்கத்து ஊர் மையத்திலிருந்து வேறொருத்தி வந்து சமைத்தாள்.

தெய்வநாயகி நூறு நாள் வேலைக்குப் போனாள். ஏரிக்கரையில் மண் வெட்டுகிற பெண்கள் அவள் கொண்டுவந்த தண்ணீர்க் கேனைத் தொடவில்லை. இதை யாரோ வந்து சொன்னபோது வேண்டா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா வேணும்” என்று சொல்லி, மறுபடி எடுத்துப் புடைத்தாள். அன்றைக்குப் போல அவள் நிம்மதியாகச் சாப்பிட்ட நாள் சமீபத்தில் இல்லை.

கோதண்டராமனும் கார்த்திகையில் கொஞ்சம் தேறினார். கன்னியம்மா சொன்ன பத்தியம், கஞ்சியும் மோரும். கருவாடு இல்லை, பீடி இல்லை. எரிச்சல் அடங்கியதும் வேண்டா தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். மகள் திவ்யா செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறவள். “ம்மா, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்” என்று தையில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை சொன்னாள்.

“எடுத்தாச்சில்ல, இன்னும் இன்னாத்த எடுக்கறது?” என்று முடித்துவிட்டாள் வேண்டா.

பங்குனியில் ஒரு காலை, மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, கோதண்டராமன் வேனை ஓரங்கட்டினார். கை பிரேக் போட்டு, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து இறங்கிச் சவுக்குத் தோப்பு மணலில் ரத்தம் ரத்தமாகக் கக்கினார். வேனில் இருந்த பெண்கள் அலறியடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மயங்கி விழுகிற வரைக்கும் அவர், “நாவலூருக்கு லேட் ஆவுது, வேற வண்டி சொல்லுங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்று நோய் டாக்டர் வசுமதி, வேண்டாவையும் திவ்யாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, திரையில் ஒரு படத்தைக் காட்டினார். சிவந்த சதையில் ஒரு குழி.

“எத்தனை மாசமா வலி?”

“ஆடிலேர்ந்து டாக்டரம்மா. ஐப்பசில கன்னியம்மாகிட்ட இட்டுகினு போயி எடுத்துட்டோம்.”

வசுமதி திட்டவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த வார்டில் இருக்கிறவர், இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். “இது புண்ணு. ஆனா இந்த ஓரம் எனக்குப் பிடிக்கலை. சதை எடுத்து அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வரட்டும். இதுக்குக் காரணம் ஒரு கிருமி. நம்ம ஊர்ல பாதிப் பேர் வயித்துல இருக்கு. நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது, வந்ததே தெரியாம காலம் பூரா இருக்கும்.”

“அப்ப இவுருக்கு மட்டும் ஏன்?”

“எல்லாக் கிருமிக்கும் ஒரே குணம் கிடையாதும்மா. சிலதுக்குன்னு சில ஜீன் இருக்கு. அது இருந்தா கிருமிக்கு ஒரு ஊசி மாதிரி முளைக்கும். வயித்துச் சுவத்துல குத்தி, தன்கிட்ட இருக்கற நஞ்சை உள்ளே இறக்கிடும். அந்த எடத்துச் சதை தன் ஒழுங்கை மறந்துடும், கண்டபடி வளர ஆரம்பிக்கும். இன்னொரு ஜீன் இருக்கு, அது பொத்தல் போடற நஞ்சைச் செய்யும். ரெண்டும் பொல்லாத வகையா இருந்து, மேல கருவாட்டு உப்பு, பீடின்னு சேந்துதுன்னா புண்ணு, அதுக்கு மேலயும் போகலாம்.”

திவ்யாவுக்கு டாக்டர் சொன்னது முழுக்க விளங்கியது. வேண்டாவுக்கு அதில் மூன்று சொற்கள்தான் காதில் விழுந்தன. ஊசி, நஞ்சு, கருவாடு. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

“அது எப்பிடி உள்ள போவுது?”

“வாய் வழியாதான். எச்சில், தண்ணி, கழுவாத கை.”

“யார் கையாலன்னு கண்டுபுடிக்கலாமா?”

“அப்படியெல்லாம் ஆளைக் காட்டாது. ஆனா ஒரு குடும்பத்துல யாருக்கு இருக்கு, யாருக்கு எந்த ஜீன் இருக்குன்னு பாக்கலாம். நாங்க ஆராய்ச்சிக்காகப் பாத்துட்டுதான் இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் மலம் குடுத்துட்டுப் போங்க.”

“என் ஓரகத்தியும் தரலாமா? அவ குழம்பதான் இவுரு வாரா வாரம் துன்னாரு.”

“கூடப் புழங்கினவங்கதானே, தரட்டும். நல்லதுதான்.”

வெளியே வந்ததும் திவ்யா அம்மாவின் கையைப் பிடித்தாள். “ம்மா, அவங்க சொன்னது நீ நெனைக்கறது இல்ல. பெரிம்மாகிட்ட போயி சண்ட போடாத.”

“கம்னு இரு. கன்னியம்மா பேர் சொல்ல மாட்டேன்னா. இவங்க சீட்டுல எழுதியே குடுப்பாங்க. ஊருக்கெல்லாம் காட்டுவேன்.”

புருஷன் ரத்தம் ஏற்றிக்கொண்டு கிடக்கிறார், இவள் சாட்சி தேடுகிறாள். வேண்டாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ளத் தெரியாதிருந்தால் அவள் அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்திருப்பாள்.

சின்ன மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே தெய்வநாயகி வீட்டுக்குப் போனாள். தெய்வநாயகி வாசலில் சாக்கு விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கடற்காற்று அத்தனை தூரம் உள்ளே வந்து கருவாட்டு நாற்றத்தைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போயிற்று.

“அக்கா.”

“இன்னும் அக்காதானா?”

வேண்டா டப்பாவை நீட்டினாள். “டாக்டரம்மா குடுத்தாங்கோ. காத்தால வெளிக்குப் போறதுல கொஞ்சம் இதுல எடுத்துக் குடுக்கணும். யார் வயித்துல இன்னா கீதுன்னு சீட்டு வந்துடும். தப்பு பண்ணாதவ பயப்படத் தேவல.”

தெய்வநாயகி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“தம்பிக்கு எப்பிடி கீது?”

“அத்தப் பத்தி நீ கேக்காத.”

“சரி, கேக்கல. டப்பாவ நெப்பித் தரேன். ஆனா ஒண்ணு. சீட்டுல என் வயித்துல கீதுன்னு வந்தா, நானே பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு மண்ண வாரித் தலைல போட்டுக்கறேன். இல்லன்னு வந்துதுன்னு வெச்சிக்கோ, நீ அதே எடத்துல, அதே மணிக்கு, அதே வாயால சொல்லணும். அஞ்சு மாசமா என் கை தண்ணிய ஒருத்தி தொடல வேண்டா. எனுக்கு மாரு எரியுது. சத்தியம் பண்ணு.”

“யார் மேல?”

“தம்பி மேல.”

வேண்டா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, தனக்குத்தான் ஜெயம் என்ற தைரியத்தில், அந்தக் கருவாட்டுக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் மூன்று பெண்களும் வசுமதியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேண்டா ஒரு கோடி, தெய்வநாயகி ஒரு கோடி, நடுவில் திவ்யா. மின்விசிறி கடகடவென்று ஓடியும் வேர்த்துக்கொட்டியது. வசுமதி முதலில் சதை ரிசல்ட்டைச் சொன்னார். புற்று. பரவவில்லை என்றுதான் ஸ்கேன் சொல்கிறது. வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊசி மருந்து. உறுதி எதுவும் தர முடியாது.

திவ்யா அழுதாள். வேண்டா அழவில்லை. “இன்னொரு சீட்டு?” என்றாள்.

வசுமதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படித்தார். “கோதண்டராமன், கிருமி இருக்கு, ரெண்டு ஜீனும் பொல்லாத வகை. வேண்டா, இருக்கு, அதே வகை. திவ்யா, இருக்கு, அதே வகை. தெய்வநாயகி, கிருமி இல்லை.”

“மெசினு தப்பா இருக்கும்.”

“ரெண்டு தடவை பாத்தாச்சும்மா.”

“என் வயித்துலயா? எனுக்கு ஒரு வலி இல்ல, ஒண்ணு இல்ல. அப்ப நானா குடுத்தேன் அவுருக்கு?”

“அப்படிச் சொல்ல முடியாது. இது பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துடறது. ஒரே தட்டு, ஒரே சொம்பு, அம்மா மென்னு ஊட்டற சோறு. உங்களுக்கு உங்க பொறந்த வீட்டுலயே வந்திருக்கலாம், அவருக்கு அவர் வீட்டுல வந்திருக்கலாம். யாரும் வேணும்னு வைக்கறது கிடையாது.” வசுமதி காகிதத்தைப் புரட்டினார். “இவரோட அண்ணனும் வயித்துப் புத்துலதான் போனார்னு எழுதியிருக்கு. கூடப் பொறந்தவருக்கு வந்தா தம்பி கட்டாயம் வந்து காட்டியிருக்கணும். அப்பவே கிருமியை மாத்திரையில கழுவியிருக்கலாம். இவ்வளவு தூரம் வராமலே கூடப் போயிருக்கலாம். யாரும் உங்ககிட்ட சொல்லலையா?”

“சொன்னேன்,” என்றாள் தெய்வநாயகி.

நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அவுரு செத்தப்ப அங்க இருந்த டாக்டரு என்னையும் டெஸ்ட் பண்ணாரு. எனுக்கும் இருந்துது. பதினாலு நாளு மாத்திரை துன்னு கழுவிகினேன். தம்பிய ஜல்தியா இட்டாரச் சொன்னாரு. காரியம் முடியற வரிக்கும் காத்துகினு இருக்காதம்மான்னு சொன்னாரு. பதினோராம் நாளு நான் இவ வாசப்படில போயி நின்னேன். தம்பிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்னேன். இவ இன்னா பண்ணா கேளுங்கோ.”

வேண்டாவுக்கு அந்தக் காலை நேரம் அப்படியே கண் முன்னால் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல், தாலியறுத்தவள் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவள் வந்து நின்றதே குற்றம். நின்றவள் வாயிலிருந்து ‘ஆஸ்பத்திரி’ என்று வேறு வந்துவிட்டது. எம் புருசனையும் படுக்க வைக்கப் பாக்கறியாடி என்று கத்திவிட்டு, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் நின்ற இடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டாள். தெய்வநாயகி நனைந்த புடவையோடு திரும்பிப் போனாள். அந்த வார்த்தை கோதண்டராமன் காதுக்குப் போகவே இல்லை. அடுத்த ஞாயிறுகளில் ஒன்றில் தூக்கு வர ஆரம்பித்தது.

“அப்பால ஏன் நீ அவுருகிட்ட நேரா சொல்லல?” என்றாள் வேண்டா.

“ஏன் சொல்லணும்? ஒரு தபா சொன்னதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவின. எனுக்கும் ரோசம் கீது.”

தெய்வநாயகி எழுந்து போய்விட்டாள். வாசலில் திரும்பி, “சத்தியம்” என்று மட்டும் சொன்னாள்.

வேண்டாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரை அடிப்பது என்று தெரியவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் யாரோ ஒருவன் கக்கிக்கொண்டிருந்தான். வேண்டா அந்தத் தாம்பாளத்தைக் காலால் உதைத்தாள்.

“அஞ்சு மாசம் போச்சேடி பாவி! ஒன் பேச்சக் கேட்டு ஒருத்தி பொழப்பக் கெடுத்தனே!”

கன்னியம்மா அசையாமல் கையைத் துடைத்தாள். “நான் பேரு சொன்னனா? வர எல்லாரும் பேர மடில கட்டிகினுதான் வரீங்கோ. நீதானே சொன்ன?”

 வேண்டா பஸ் நிறுத்தம் வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தாள்.

கோதண்டராமனுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது வசுமதி ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி, குழையக் குழைய. தாயும் மகளும் பதினாலு நாள் மாத்திரை, ஒரு வேளை தப்பக் கூடாது. முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். “அது வரைக்கும் அவர் தட்டு, அவர் டம்ளர், அவர் கரண்டி தனி. ருசி பாத்துட்டு அதே கரண்டியால ஊட்டற வேலையே வேண்டாம்.”

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தெய்வநாயகி தன் சீட்டைப் பிரதீபா டீச்சரிடம் காட்டி, மறுபடி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாதிப் பிள்ளைகள் சாப்பிட்டன, பாதி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பன்னிரண்டரை மணிக்கு வேண்டா போய் நின்றாள். கூப்பிடாமலே கூட்டம் கூடியது. வேண்டா வந்தால் ஏதாவது நடக்கும் என்று ஊருக்குத் தெரியும்.

“எல்லாம் கேட்டுக்கோங்கோ,” என்றாள். குரல் எடுபடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தம் போட்டாள். “இவ வெக்கல. எம் புருசனுக்கு இவ ஒண்ணும் வெக்கல. நான் சொன்னது பொய்யி. இவ வயித்துல ஒண்ணும் இல்ல, டாக்டரே சீட்டு குடுத்துகீறாங்கோ.”

கிருபாகரன் பெண்டாட்டி முன்னால் வந்தாள். “அப்ப யார் வயித்துல கீது?”

வேண்டா பொய் சொல்லியிருக்கலாம். புருஷன் மேல் அடித்த சத்தியம் அவளை விடவில்லை. “எங்க வூட்ல. அவுரு வயித்துல, என் வயித்துல, பொண்ணு வயித்துல.”

“ஒன் வயித்துலயா!”

“அது கிருமி. பாதிப் பேருக்கு கீதாம். அதுல ஜீனுன்னு ஒண்ணு, பொல்லாத ஜாதியா இருந்தா ஊசியாட்டம் குத்தி…”

“ஊசி, கீசின்னு கத வுடாத,” என்றாள் இன்னொருத்தி. “ஒரே ஊட்ல மூணு பேருக்கும் கீதுன்னா, சோறாக்கிப் போட்டது யாரு? இவதானே?”

“அடிப்பாவி! தானே வெச்சிட்டு ஓரகத்தி மேல பழியப் போட்டுட்டியா?”

“அதான் அந்தாளு வேற வூட்டுக் குழம்பத் தேடினாரு. இப்பதான் விளங்குது.”

“இல்ல, இல்ல, யாரும் வெக்கறது இல்ல…” என்று வேண்டா சொல்வது அவளுக்கே கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த உலையை ஏற்றி வைத்ததே அவள்தான்.

கிருபாகரன் பெண்டாட்டி தெய்வநாயகியிடம் திரும்பினாள். “நாயகிக்கா, நீயும்தானே கூடப் போயி டாக்டராண்ட குந்திகினு இருந்த? நீயே சொல்லு. இவதானே வெச்சா?”

கூட்டம் அடங்கியது. தெய்வநாயகியின் கரண்டி சாம்பார் அண்டாவின் மேல் நின்றது. அவளுக்கு எல்லாம் தெரியும். தானே அந்தக் கிருமியைச் சுமந்து, மாத்திரை தின்று கழுவியவள். யாரும் வைப்பதில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்டிருக்கும். அன்றைக்கு ஊரில் அவள் வார்த்தைக்கு அத்தனை விலை இருந்தது. அவள் வேண்டாவை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டா உதட்டை மட்டும் அசைத்து, “அக்கா” என்றாள்.

தெய்வநாயகி கரண்டியை அண்டாவுக்குள் விட்டு அடிவரை கலக்கினாள்.

“எனுக்கு இன்னா தெரியும்? நான் சமையக்காரி,” என்றாள். “தட்ட நீட்டுங்கடா. சாம்பாரு ஆறுது.”

பிள்ளைகள் எல்லோரும் தட்டை நீட்டினார்கள்.

வேண்டா தெருவோடு திரும்பி நடந்தாள். குழாயடியில் அவளைக் கண்டதும் ஒருத்தி தன் குடத்தை ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டாள். வேண்டாவுக்கு அந்தக் குடத்தைத் தூக்கி உடைக்க வேண்டும் போல வெறி வந்தது. கை எழவில்லை.

வீட்டில் கோதண்டராமன் கட்டிலில் சுவரோடு தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போன் கிடந்தது. ஒரு மணிக்கு அவருக்குச் சோறு. வேண்டா முகம் கழுவிக்கொண்டு, பருப்புச் சோற்றை ரசம் விட்டு மைய மசித்து அவருடைய கிண்ணத்தில் எடுத்து வந்தாள். அவருடைய கரண்டியால் அரைக் கரண்டி எடுத்தாள்.

“சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன்.”

“அண்ணி இன்னா சொன்னாங்கோ?”

“ஒண்ணும் சொல்லல. வாயத் தொற.”

அவர் வாயைத் திறக்கவில்லை. கண் கிண்ணத்துக்குள் போயிற்று, அவள் கைக்குப் போயிற்று, பக்கத்தில் கிடந்த செல்போனுக்குப் போய்த் திரும்பியது.

“கிருபாகரன் போன் பண்ணான்,” என்றார்.

வேண்டா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டவர். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவர். ஆறு வருஷம் கருவாட்டுக் குழம்பைச் சந்தேகப்படாமல் வழித்துத் தின்றவர். பத்தொன்பது வருஷமாக அவள் கையால் தின்றவர். அந்த மனிதர் உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்க்கிறார். அதே பார்வையை, இன்னொருத்தி போட்ட சோற்றுக்கு முன்னால், நூறு பிள்ளைகள் கண்ணில் வைத்தவள் வேண்டாதான். 

கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்தினாள். பதினாலு நாள் மாத்திரையில் இன்னும் ஐந்து நாள் பாக்கி.

கிண்ணத்தைக் கட்டில் விளிம்பில் வைத்தாள். உள்ளே போய் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வாய் சோறு எடுத்து, அவர் பார்க்கத் தின்றாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், விழுங்குகிறாளா என்று. விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள்.

பிறகு அவர் வாயைத் திறந்தார்.